விரைவை அளக்கும் கோல்

தட்டச்சு விரைவை அளப்போர் ஐந்து தட்டுகளை ஒரு சொல்லாகக் கொள்வர். இஃது ஆங்கிலத்திற்கென வகுத்த கணக்கு. தமிழுக்கு அப்படியே பொருந்தாது. 'கொ' என்னும் ஓரெழுத்தே இதற்குச் சான்று. பழைய தட்டச்சுப் பொறியின் விசைமுறையில் அதற்கு மூன்று தட்டுகள் வேண்டும். 1999இல் தமிழ்நாட்டரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 முறையில் இரண்டே போதும்.

இவ்விரு முறைகளில் ஒரே பக்கத்தை ஒரே நேரத்தில் முடித்த இருவருள், மிகுதியாகத் தட்டியவரே விரைந்தவர் எனப்படுவார்! விரலுழைப்பைக் குறைத்தவர் பின்தங்குவார். இது நடுவுநிலைமை ஆகுமா?

சொற்களை எண்ணுவதும் தீர்வன்று. 'வா' என்பதும் ஒரு சொல். 'வந்துகொண்டிருந்தார்கள்' என்பதும் ஒரு சொல். ஆகவே, பிழையின்றி அமைந்த எழுத்துகளையே எண்ணுதல் வேண்டும். உயிர்மெய்யை ஓரெழுத்தாகவே கொள்ளல் வேண்டும். தேர்வெழுதி வேலை தேடும் இளைஞர்க்கு அதுவே நீதி.