மடலேற மறுக்கப்பட்டவள்

அகப்பாடல்களிலே மடலேறுதல் என்றொரு துறை உண்டு. காதலியை அடைய முடியாத காளை, பனைமடலால் குதிரை செய்து, எருக்கம்பூச் சூடி, அவளுருவம் தீட்டிய துணியைக் கையிலேந்தி, ஊர்த்தெரு நடுவே வருவேன் என்பான். உள்ளத்து நோய் ஊரறியும். ஊரும் விடை கூறியே தீரவேண்டும். தெருவையே அரங்காக்கி, காண்போரையும் பங்கேற்கச் செய்யும் கலை என்று இன்று பேசுகிறார்களே, அதனை அன்றே தமிழன் எண்ணிப் பார்த்தான்! பெருமைதான். ஆனால் தொல்காப்பியர் என்ன சொல்கிறார்? எந்நிலையிலும் பெண் மடலேறுதல் கூடாதென்கிறார். ஆணின் துயருக்குத் தெரு. பெண்ணின் துயருக்கு அடுப்பங்கரை!

பெங்களூரில் 2003ஆம் ஆண்டு, கலைக்கல்லூரி மாணவியாயிருந்த ஜாஸ்மீன் பதேஜா தொடங்கிய ‘பிளாங்க் நாய்ஸ்’ உடைக்க முயல்வது இந்த விதியைத்தான். போக்குவரத்து விளக்கருகே பெண்கள் வரிசையாக நின்றனர். ஒவ்வொருத்தியின் சட்டையிலும் ஓரெழுத்து. கூட்டிப் படித்தால், ‘ஏன் என்னை உற்றுப் பார்க்கிறாய்?’ என்னும் கேள்வி! தொல்லைக்கு ஆளானபோது அணிந்திருந்த ஆடைகளைப் பெண்களிடமிருந்து திரட்டி மக்கள் முன் வைத்ததும் இம்முயற்சியே. உருக்கமானது அது, எனினும் என் உள்ளம் முழுதாக ஒப்பவில்லை. ஆடை கண்டு கண்கலங்கிய தந்தை, வீடு சென்றதும் மகளின் தாவணியைத் திருத்தத்தான் போகிறார்.

தூக்கம் அப்படியன்று. பட்டப்பகலில் பூங்காவுக்கு வந்து, புல்தரையில் படுத்துப் பெண்கள் உறங்குகிறார்கள். அவ்வளவே! இந்திய நகரங்கள் பலவற்றிலும், பாகிஸ்தானிலும்கூட இது நடந்திருக்கிறது. முழக்கமில்லை, ஓவியமில்லை. மூடிய இமைக்குள் துடிக்கும் அச்சம்தான் இங்கே கலைப்பொருள். கடந்துபோகும் ஒவ்வொருவனும், நின்றாலும் நடந்தாலும், அந்தக் கலையில் ஒரு பாத்திரமாகிவிடுகிறான்.

மதுரைக்கு வருவோம். மாசி வீதிச் சுவர்களில் கண்ணீர் அஞ்சலி, பிறந்தநாள் வாழ்த்து. அந்தரங்கம் அத்தனையும் அம்பலத்தில்! பெண் பூப்பெய்தினாள் என்பதற்கும் ஆளுயரத் தட்டி. அவளைக் கேட்டா வைத்தார்கள்? அவளது அந்தரங்கம் தெருவுக்கு வரலாம், அவள்தான் வரக்கூடாது. சிலம்பேந்திய கண்ணகி தன் துயரைத் தெருவெங்கும் சொல்லி அரசவை சென்ற ஊரல்லவா இது! அவளுக்கு 1968இல் சென்னைக் கடற்கரையில் சிலை வைத்தோம். சிலை நிற்க இடம் கண்டவர்கள், உயிருள்ள பெண் தனியே உட்கார்ந்திருக்க எந்தத் திண்ணையை ஒதுக்கினோம்?

ஒரு குறையையும் கூறவேண்டும். நடவு முடித்து வரப்பு நிழலில் கண்ணயரும் மேலூர்ப் பெண்ணும், மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் கூடைமேல் தலைசாய்க்கும் மூதாட்டியும் வெட்டவெளியில்தான் உறங்குகிறார்கள். அவர்களுக்கு அது கலையன்று, களைப்பு. பூங்காவில் படுத்தவளுக்கோ எழுந்துபோக ஒரு வீடிருக்கிறது. மதுரையிலே எவரேனும் இதனைத் தொடங்கினால் முதல் அழைப்பு அந்த மூதாட்டிக்குப் போகட்டும். ஒற்றைக் கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டு தூங்குவது எப்படியென்று கேட்டால் அவள் சொல்லித்தருவாள்.