மைல்கல்லின் நிகழ்காலம்

இலக்கியம் என்று யாரும் உரிமை கொண்டாடாத ஒரு புத்தகத்தைப் பற்றி இங்கே எழுதுகிறேன். அதன் பெயர் 'தி மைல்போஸ்ட்'. வில்லியம் வாலஸ் என்பவர் 1949இல் தொடங்கியது. அன்று முதல் ஆண்டுக்காண்டு திருத்தப்பட்டு வெளிவருகிறது. கனடாவின் வடமேற்கையும் அலாஸ்காவையும் காரில் கடக்கிறவர்கள் மடியில் வைத்துக்கொள்ளும் வழிகாட்டி. கதை கிடையாது, பாத்திரம் கிடையாது, ஆசிரியனின் குரல் கிடையாது. ஆனாலும் நமது விமர்சனத்தில் கேள்வியின்றிப் புழங்கும் ஒரு மதிப்பீட்டை இந்தப் புத்தகம்தான் எனக்குச் சந்தேகத்துக்குரியதாக்கியது.

2019 ஆகஸ்டில் நானும் ஒரு நண்பரும் அலாஸ்கா நெடுஞ்சாலையில் தெற்கிலிருந்து வடக்காகப் போனோம். பிரிட்டிஷ் கொலம்பியாவின் டாசன் க்ரீக் பூஜ்ய மைல். அலாஸ்காவின் டெல்டா ஜங்ஷன் முடிவு. நண்பர் ஓட்டினார், நான் வாசித்தேன். கையிலிருந்தது பழைய புத்தகக் கடையில் அவர் வாங்கி வைத்திருந்த 2013ஆம் ஆண்டுப் பதிப்பு. காடும் மலையும் எங்கே போய்விடப் போகின்றன என்பது எங்கள் எண்ணம்.

புத்தகத்தின் முறை எளிது. ஒவ்வொரு குறிப்புக்கும் முன்னால் இரண்டு எண்கள்: டாசன் க்ரீக்கிலிருந்து எத்தனை மைல், டெல்டா ஜங்ஷனிலிருந்து எத்தனை மைல். பிறகு அங்கே என்ன இருக்கிறது என்ற செய்தி. ஓர் ஓடைப் பாலம், வண்டியை ஒதுக்கி நிறுத்தச் சரளை பரப்பிய இடம், பெட்ரோல் கிடைக்கும் விடுதி. வடக்கிலிருந்து தெற்கே வருகிறவன் பதிவைப் பின்னாலிருந்து முன்னாக வாசிக்க வேண்டும். கடைசி வாக்கியத்திலிருந்து முதல் வாக்கியத்துக்குப் போனாலும் அர்த்தம் கெடாத உரைநடை! சோதனை முயற்சி என்று சொல்லி நம்மில் சிலர் செய்து பார்த்ததை இது எந்தப் பிரகடனமும் இல்லாமல் செய்துகொண்டிருக்கிறது.

இரண்டாம் நாளே ஒன்று புலப்பட்டது. இந்த வாக்கியங்களை நான் ரசிக்கவில்லை, சார்ந்திருக்கிறேன். 'பாலம்' என்று வாசித்த சில நிமிஷங்களில் சக்கரத்தின் சத்தம் மாறியது. முஞ்சோ ஏரிக்கரையில் காட்டு ஆடுகள் சாலைக்கு வரும் என்று வாசித்தேன், வந்து நின்றன. சொல்லுக்கும் பொருளுக்கும் இடையே உள்ள தூரம் மைலில் அளக்கப்பட்டிருந்தது. ஒரு வாக்கியம் தவறானால் அதன் விளைவை வாசகனின் உடம்பு ஏற்க வேண்டும். நமது கதைகளிலும் கவிதைகளிலும் எத்தனை வாக்கியங்கள் இப்படி ஒரு பொறுப்பைத் தாங்கும் என்று யோசித்துக்கொண்டே போனேன்.

ஃபோர்ட் நெல்சனைத் தாண்டியபின் வாட்சன் லேக் வரை ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். நடுவில் ஊர் என்று சொல்ல அதிகமில்லை. "பெட்ரோல் எங்கே, பாருங்கள்" என்றார் நண்பர். பார்த்துச் சொன்னேன். போய்ச் சேர்ந்தபோது விடுதியின் ஜன்னல்களில் பலகை அடித்திருந்தது. பம்பைச் சுற்றிப் புல். டாங்கியில் மிச்சம் இருந்ததால் தப்பினோம். இதில் புத்தகத்தைக் குறை சொல்ல முடியாது. தான் எந்த ஆண்டுக்குரியது என்று அது அட்டையிலேயே சொல்லிவிட்டது. அட்டையை வாசிக்காதவர்கள் நாங்கள்தான். ஆனால் உள்ளே இருக்கும் வாக்கியம் 'இருக்கிறது' என்றே சொல்கிறது. 'இருந்தது' என்றோ 'இருக்கக்கூடும்' என்றோ சொல்ல இந்த வடிவத்துக்கு வசதி இல்லை. வழிகாட்டியின் ஒரே காலம் நிகழ்காலம். ஆண்டு முடிந்ததும் அந்த நிகழ்காலம் பொய்யாகத் தொடங்குகிறது.

ஆற்றுப்படை நினைவுக்கு வந்தது. மலைபடுகடாத்தில் பரிசில் பெற்றுத் திரும்பும் கூத்தன் எதிரே வருகிற கூத்தனுக்கு வழி சொல்கிறான். பன்றிக்கு வைத்த பொறி, பரணிலிருந்து வரும் கவண்கல், பள்ளத்தில் ஒளிந்து கிடக்கும் பாம்பு என்று எச்சரிக்கிறான். அங்கே வழிக்கு உத்தரவாதம் சொல்பவன் கண்ணெதிரே நிற்கிறான். அதே பாதையில் அப்போதுதான் நடந்து வந்த கால்கள் அவனுடையவை. 'நான் போனேன்' என்பதுதான் 'நீ போ' என்பதற்கு ஆதாரம். மைல்போஸ்டில் அந்த 'நான்' அழிக்கப்பட்டிருக்கிறது. அதன் இடத்தில் ஓர் ஆண்டு எண் அச்சிடப்பட்டிருக்கிறது. பேசுகிறவனுக்குப் பதில் தேதி.

எண்களின் கதை இதைவிட விசித்திரம். இந்தச் சாலையை அமெரிக்க ராணுவப் பொறியாளர்கள் 1942 மார்ச்சுக்கும் அக்டோபருக்கும் இடையில், ஜப்பானியர் வந்துவிடுவார்கள் என்ற பயத்தில் வெட்டினார்கள். வளைந்து வளைந்து போன அந்தத் தடம் பின்னால் நேராக்கப்பட்டது. டெல்டா ஜங்ஷன் பழைய கணக்கில் 1422ஆம் மைல். இன்று ஓட்டிப் பார்த்தால் சுமார் 1387தான். 1970களில் கனடா மெட்ரிக் முறைக்கு மாறியபோது கிலோமீட்டர் கற்கள் வந்தன. ஆனால் பழைய மைல் எண்களை யாரும் கைவிடவில்லை. அவை விடுதிகளுக்கு முகவரியாக, பெயராக நின்றுவிட்டன. 'மைல் 496' என்றால் லியார்ட் வெந்நீர் ஊற்று. அந்த எண் இன்று எந்தத் தூரத்தையும் அளக்கவில்லை. அளவையாகப் பிறந்த சொல் பொருளை இழந்து பெயராகிவிட்டது. படிமம் தேய்ந்து வழக்குச் சொல்லாவது பற்றி நாம் பேசுவதெல்லாம் இங்கே சாலையோரத்தில் கம்பம் நட்டு நிற்கிறது.

பழைய மைல் 1058ஐ ஒட்டி யூக்கானில் குளுவானே ஏரியின் தென்முனை வருகிறது. ஸ்லிம்ஸ் நதிப் பாலம் என்று வாசித்தேன். பொதி சுமந்த ஒரு குதிரை மூழ்கிப் போனதால் வந்த பெயர் என்பார்கள். பாலம் இருந்தது. ஏறினோம். கீழே நதி என்று சொல்ல ஏதுமில்லை. அகன்ற சாம்பல் வெளி. அதிலிருந்து காற்று அள்ளியெடுத்த தூசி கண்ணாடியில் படிந்தது. நண்பர் வேகத்தைக் குறைத்து என் பக்கம் திரும்பினார், நான்தான் தப்பாக வாசித்துவிட்டேன் என்பது போல.

2016 மே மாத இறுதியில் நான்கு நாட்களுக்குள் நடந்த காரியம் இது. காஸ்காவுல்ஷ் பனியாறு பின்வாங்கியதில் அதன் உருகுநீர் பனிக்குள் புது வழி வெட்டிக்கொண்டு வேறொரு பள்ளத்தாக்கில் இறங்கிவிட்டது. அதுவரை ஏரிக்குள் வந்து, யூக்கான் நதி வழியாகப் பெரிங் கடலுக்குப் போய்க்கொண்டிருந்த நீர், ஆல்செக் நதியோடு சேர்ந்து அலாஸ்கா வளைகுடாவுக்குப் போகத் தொடங்கியது. ஏரியின் மட்டம் இறங்கியது. 2017இல் இதை ஆராய்ந்து எழுதியவர்கள் 'நதிக் களவு' என்ற நிலவியல் சொல்லைப் பயன்படுத்தினார்கள். மூடப்பட்ட விடுதியைப் புரிந்துகொள்ள முடிகிறது. மனிதர்கள் கடையைக் கட்டுவார்கள். நதி எழுந்து போகும் என்று எந்தப் பழைய பதிப்பை நம்பியவனும் எதிர்பார்க்க மாட்டான். குதிரையின் பெயர் மட்டும் பாலத்தின் மேல் இருக்கிறது.

அந்த நதிக்கு அங்குள்ள தெற்கு டட்சோனி மக்களின் மொழியில் ஆய் சூ என்று பெயர். குதிரைக்கும் சாலைக்கும் முந்திய பெயர். இங்கேதான் வழிகாட்டியின் இன்னொரு எல்லையைச் சொல்ல வேண்டும். கொஞ்ச தூரத்தில் சோல்ஜர்ஸ் சம்மிட். 1942 நவம்பர் 20இல் சாலையைத் திறந்து வைத்த இடம். அதற்குச் சில வாரங்கள் முன்பு, பீவர் க்ரீக் அருகே, இரு திசைகளிலிருந்தும் காட்டை வெட்டி வந்த புல்டோசர்கள் சந்தித்தன. ஒன்றில் ரெஃபைன்ஸ் சிம்ஸ் என்ற கறுப்புச் சிப்பாய். மற்றதில் ஆல்ஃப்ரெட் ஜலுஃப்கா என்ற வெள்ளைச் சிப்பாய். சாலை போட்ட பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட துருப்புகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கறுப்பர்கள், இனவாரியாகப் பிரித்து வைக்கப்பட்ட படைப்பிரிவுகளில். சாலையோடு வந்த தொற்றுநோய்கள் டெஸ்லின் போன்ற இடங்களில் பூர்வகுடிகளை வீழ்த்தின. 1943இல் குளுவானேயை வனவிலங்குச் சரணாலயமாக்கி, அங்கேயே வேட்டையாடி வாழ்ந்த மக்களை விலக்கினார்கள்.

பெட்ரோல் பம்பு மூடியிருந்தால் அடுத்த பதிப்பில் திருத்திவிடலாம். ஒரு மௌனத்தைத் திருத்துவதற்கு ஆண்டுப் பதிப்பு போதாது. பார்க்கிற கண் மாற வேண்டும். எந்த மைலில் என்ன இருக்கிறது என்ற கேள்விக்குச் சரியான பதில்களால் மட்டுமே ஆன புத்தகம், எந்த மைலில் யார் இல்லாமல் போனார்கள் என்று தானாகக் கேட்காது. இது வடிவத்தின் குறை. நமது யதார்த்தவாத நாவல்கள் பலவற்றின் குறையும் இதுதான்.

டிஸ்ட்ரக்‌ஷன் பேயிலிருந்து பீவர் க்ரீக் வரை, அடியில் உறைந்து கிடக்கும் மண் இளகி, சாலையே அலை அலையாக எழும்பி இறங்குகிறது. புத்தகத்தை மூடிவிட்டு அந்தத் தூரத்தைக் கடந்தேன். அப்போது தெளிவான ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். 'காலத்தை வென்ற படைப்பு' என்று நாம் எழுதிப் பழகிவிட்டோம். எந்த இடத்திலும் நிற்காத, எந்த ஆண்டுக்கும் கட்டுப்படாத வாக்கியத்துக்குத்தான் அந்தப் பட்டம் சுலபமாகக் கிடைக்கிறது. அதைப் பொய்யாக்க ஒரு நதியாலும் முடியாது, ஏனென்றால் அது எந்த நதியையும் சுட்டவில்லை. 2013ஆம் ஆண்டின் அந்த வரி பொய்த்ததே, அது ஒரு காலத்தில் உண்மையாக இருந்ததற்குச் சாட்சி. நீர் போய்விட்ட இடத்தில் நீர் இருந்தது என்று எனக்குச் சொன்னது அந்தத் தவறிப்போன வாக்கியம்தான். ஒரு கவிதையை இனி எடைபோடும்போது, அது எத்தனை நாள் நிலைக்கும் என்று கேட்பதற்கு முன்னால், எங்கே நின்று, எந்த ஆண்டில் பேசுகிறது என்று கேட்க வேண்டும்.