உப்புக்காற்றில் மீண்ட வண்டி: பழைய மோட்டார் சைக்கிளை எப்படி ரசிப்பது?

ஒருபுறம் கடலும் மறுபுறம் புத்தளம் களப்பும் சூழ்ந்த கற்பிட்டிக் குடாநாட்டின் மாம்புரியில், 2010 முதல் காற்றாலைகளைச் சுழற்றிவரும் அதே காற்றே இரும்பையும் அரிக்கிறது. காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 75 சதவீதத்தைக் கடந்தால் உப்பு நீராவியை உறிஞ்சித் தானே கரைந்துவிடுவதால், மழையற்ற நாளிலும் இங்கு கேட்பாரற்று நிற்கும் மோட்டார் சைக்கிளில் துருவை விரைவுபடுத்தும் உப்புக்கரைசல் மெல்லிய படலமாகப் படிகிறது. ஆகவே, இக்கரையில் புதுப்பிக்கப்பட்ட வண்டியை ரசிக்க விரும்புபவர் பெற்றோல் டாங்கியின் பளபளப்பை விட்டுவிட்டு, குனிந்து அடிப்பகுதியிலிருந்து தொடங்குவதே முறை.

இலங்கையில் 2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் பாவனைக்கு 2025இலேயே மீளத் திறக்கப்பட்ட நிலையில், கொல்லையில் கிடந்த பழைய வண்டிகளும் மதிப்புப் பெற்றன. அவற்றுள் ரசனைக்கு மிக உகந்தது ஹொண்டா சி 90 எனலாம். 1958இல் ஜப்பானில் அறிமுகமான சூப்பர் கப் குடும்பத்தைச் சேர்ந்த இவ்வண்டியில், உணவு கொண்டுசெல்பவர் ஒரு கையாலேயே ஓட்டவேண்டும் என்ற எண்ணத்தினால் கைக் கிளட்ச் தவிர்க்கப்பட்டது. இதன் சட்டகம் குழாய்களால் ஆனதன்று. அழுத்தி வடித்த இரும்புத் தகடுகளைப் பொருத்திச் செய்த உள்ளீடற்ற கூடு. துரு உள்ளிருந்தே தொடங்கக்கூடுமாதலால், மடிப்புகளையும் பற்றவைத்த இடங்களையும் கவனிக்க வேண்டும். அரித்த இடத்தைப் பட்டி பூசி மறைத்து வர்ணமடித்திருந்தால், சிறு காந்தம் அங்கே ஒட்டாமல் வழுக்கிக் காட்டிக்கொடுத்துவிடும்.

குரோம் முலாமின் மேற்படலம் பொதுவாக ஒரு மைக்ரோமீட்டரிலும் மெல்லியது; இரும்பைக் காப்பது உண்மையில் அதன் கீழுள்ள நிக்கல் படலமே. எனவே கண்ணாடிபோல் மின்னும் புதிய முலாமைவிட, ஆங்காங்கே புள்ளி விழுந்தும் உரியாத பழைய முலாம் கூடுதல் மதிப்புடையதாக இருக்கலாம். எஞ்சின் மூடிகளின் திருகாணிகளையும் பார்க்கலாம்: அலுமினியத்தில் பொருத்திய இரும்புத் திருகாணி உப்பீரத்தில் இறுகிவிடும் என்பதால், அவற்றின் தலைகள் சிதையாதிருப்பது அவற்றைக் கழற்றிய கையின் பொறுமைக்குச் சான்று.

மாற்றியமைத்தலைப் பொறுத்தவரை, ரசனை சற்றுக் கண்டிப்பாகவே இருக்க வேண்டும். பந்தய வண்டியின் தோற்றத்துக்காக மட்காட்டை வெட்டிச் செயின் கவரையும் அகற்றுவது நகரத்து வீதியில் அழகாகத் தோன்றலாம். மணல் பறக்கும் மாம்புரியில் அது செயினையும் பற்சக்கரத்தையும் தேய்க்கும் அறியாமை. மாறாக, மரக்கறிப் பெட்டியோ மீன்பெட்டியோ ஏற்றுவதற்காகப் பின்புறத்தில் உறுதியான தாங்கியைப் பொருத்தி, அதன் வெட்டுமுனைகளுக்கும் துருத்தடுப்புப் பூச்சு பூசியிருப்பது, வண்டியின் இயல்பை உணர்ந்து செய்த மாற்றமாகும்.

இறுதியாகச் செவிக்கு வேலை வருகிறது. குளிர்ந்த எஞ்சின் முதல் உதைகளிலேயே உயிர்பெற்று, சூடேறியபின் சீராக ஒலித்து, நீலப்புகை கக்காதிருந்தால், பிஸ்டன் வளையங்கள் தேய்ந்து எண்ணெய் எரியவில்லை எனக் கருதலாம். பார்வையாளர் வருமுன்னரே எஞ்சின் சூடாக்கப்பட்டிருந்தாலோ, அது ஆறும்வரை பேச்சை வேறு திசைக்குத் திருப்புவதே நல்லது.