கையைக் கட்டிக்கொண்டு பாருங்கள்

போடியில் ஏலக்காய்க்குப் பஞ்சமில்லை. ஒரு முறத்தில் இரண்டு கைப்பிடி காயைக் கொட்டி, மூன்று கிண்ணம் வைத்து, நாலு வயசுப் பிள்ளையை உட்கார வையுங்கள். பெருசு, நடுத்தரம், பொடி என்று ஒரே ஒரு தடவை, மெதுவாக, பேசாமல் பிரித்துக் காட்டுங்கள். அப்புறம் ரசிப்பதுதான் பாக்கி. அதுதான் கஷ்டமும்.

முகத்தைப் பார்க்காதீர்கள், விரலைப் பாருங்கள். முதலில் ஐந்து விரலாலும் அள்ளும். கொஞ்ச நேரத்தில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் இறங்கும். நாளைக்குப் பென்சில் பிடிக்கப்போகிற பிடி அது. வியாபாரிகள் 8 மில்லிமீட்டர், 7 மில்லிமீட்டர் என்று சல்லடையில் பிரிப்பதைப் பிள்ளை கண்ணாலேயே பிரிக்கும். ஒரு காயில் சந்தேகம் வந்து கை அந்தரத்தில் நிற்கும். "அது பெருசுடா தங்கம்" என்று சொல்ல வாய் துடிக்கும். சொல்லிவிடாதீர்கள். இன்னொரு காயோடு சேர்த்து வைத்துப் பார்த்து, தப்பை அதுவே மாற்றும்.

முடிந்ததும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு மறுபடி ஆரம்பிக்கும். சலிப்பு நமக்குத்தான். 1907ல் ரோமில் மரியா மாண்டிசோரி தொடங்கிய குழந்தைகள் இல்லத்தில், மூன்று வயசுச் சிறுமி ஒருத்தி மர உருளைகளைக் குழிகளில் பொருத்துவதை நாற்பது தடவைக்கு மேல் செய்தாள். நாற்காலியோடு தூக்கி மேசைமேல் வைத்தும் நிறுத்தவில்லை. மாண்டிசோரி குறுக்கிடாமல் எண்ணிக்கொண்டிருந்தார் பாருங்கள், ரசனை என்றால் அதுதான்.

அந்த அம்மாள் நமக்கு அசலூரும் இல்லை. 1939ல் அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்தவர், உலகப் போரில் ஊர் திரும்ப முடியாமல், சில வருஷம் கொடைக்கானலில் இருந்தார். மகன் மாரியோவும் இலங்கை ஆசிரியை லேனா விக்ரமரத்னவும் கூட இருந்தார்கள். பெரிய பிள்ளைகளுக்கான இயற்கைப் பாடங்கள் உருக்கொண்டது அந்த மலையில்தான்.

வாசனைக்கு இன்னொரு விளையாட்டு. மிளகு, சுக்கு, காபித்தூள், ஏலம் ஒவ்வொன்றையும் இரண்டிரண்டு டப்பாவில் போட்டு, கண்ணைத் துண்டால் கட்டி ஜோடி சேர்க்கச் சொல்லுங்கள். ஏல மூட்டை கிடக்கிற வீட்டில் ஏலக்காயிலேயே பிள்ளை தடுமாறலாம், மூக்குக்குப் பழகிப்போயிருக்கும்.

மூன்று வயசுக்குக் கீழே காய் வேண்டாம். மூக்கில், தொண்டையில் போய்விடும். கடைக்குப் போகிற காயையும் கொடுக்காதீர்கள். இத்தனை கிலோ, இத்தனை மணிக்குள் என்று வந்தால் அது கூலி வேலை. பாதியில் எழுந்து போனால் போகட்டும். முறத்தை மட்டும் எடுத்த இடத்தில் வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள்.