மேல்நாட்டுச் சரக்கு

தாடிக்கொம்பில் எந்தக் கட்சி மேடை போட்டாலும் எதிராளியைத் திட்ட ரெண்டு வார்த்தை தயாராக இருக்கும். ஒண்ணு 'பொட்டை', இன்னொண்ணு 'ஒம்போது'. கொஞ்ச வருசமா மூணாவதா ஒண்ணும் சேர்ந்திருக்கு: 'ஆம்பளையும் ஆம்பளையும் கலியாணம் கட்டுற மேல்நாட்டுச் சீக்கு'. முதல் ரெண்டும் வெறும் வசவு. மூணாவது ஒரு சொல்லாடல். அதைச் சொன்ன மாத்திரத்தில் பேசுகிறவர் பண்பாட்டுக்குக் காவல்காரர் ஆகிவிடுகிறார். அந்தப் பண்பாடு யாருடையது என்று அப்புறம் யாரும் கேட்பதில்லை.

மேல்நாட்டிலிருந்து வந்தது எது? 1860இல் வெள்ளைக்காரன் எழுதி 1862இல் நடப்புக்கு வந்த தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு வந்தது. 1871இல் குற்றப் பரம்பரைச் சட்டம் வந்தது. அதன் முதல் பகுதி சாதிகளைப் பிறவிக் குற்றவாளிகளாக்கியது. இரண்டாம் பகுதி 'அலிகள்' என்று பெயரிட்டுப் பட்டியல் எடுத்தது. நம்ம பக்கத்துப் பெரிசுகள் 'ரேகைச் சட்டம்' என்பார்களே, அது இதன் 1911ஆம் வருச வடிவம். ஒரே பேனா, ஒரே மை. வெள்ளைக்காரன் போனபிறகு 377ஐ 71 வருசம் கட்டிக் காத்தது நம்ம சுதேசி அரசாங்கம். 6.9.2018 அன்று உச்ச நீதிமன்றம்தான் வயதுவந்தோர் சம்மதத்தோடு கொள்ளும் உறவை அதிலிருந்து விடுவித்தது.

1998 டிசம்பரில் தீபா மேத்தாவின் 'ஃபயர்' படம் ஓடிய தியேட்டர்களைச் சிவசேனைக்காரர்கள் மும்பையிலும் டெல்லியிலும் அடித்து நொறுக்கினார்கள். நம் கலாச்சாரத்துக்கு அந்நியம் என்று கோஷம். பால் தாக்கரே ஒரு சமரசம் சொன்னார்: ராதா, சீதா என்ற பெயர்களை ஷபானா, சாயிரா என்று மாற்றினால் எதிர்ப்பில்லையாம். குட்டு உடைந்துபோச்சு. அந்நியம் என்பது அவருக்கு லண்டனில் இல்லை, பக்கத்துத் தெருவில் இருக்கிறது.

கடல் தாண்டினாலும் இதே கதை. 2018இல் இலங்கை ஜனாதிபதி சிறிசேன, ரணிலைப் பதவி நீக்கியபின், அவரும் கூட்டாளிகளும் மக்கள் நாடி அறியாத மேட்டுக்குடி என்றார். அடுத்த வாரமே மேடையில் அவர்களை 'வண்ணத்துப்பூச்சி' வாழ்க்கைக்காரர்கள் என்று கேலி பண்ணினார். மங்கள சமரவீர, அட்டையாக இருப்பதைவிட வண்ணத்துப்பூச்சி மேல் என்று திருப்பிக் கொடுத்தார். 2023இல் கலியாண உரிமை வழக்கில் நம்ம மத்திய அரசு எழுதிக் கொடுத்ததும் அதேதான்: இது நகர்ப்புற மேட்டுக்குடியின் பார்வையாம். நகர்ப்புற மேட்டுக்குடியா? வீட்டை விட்டுத் தப்பிச் சென்னைக்கு ஓடிய ரெண்டு இளம்பெண்கள் மதுரைக்காரர்கள். பெற்றோர் புகார், போலீஸ் விசாரணை. 7.6.2021இல் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுத்தார். தன் மனசிலும் தப்பெண்ணம் இருந்ததை ஒப்புக்கொண்டு, ஆலோசகரிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டே எழுதினார். அந்த வழக்கால் 2022இல் தமிழக அரசு கெசட்டில் மரியாதையான சொற்பட்டியலே வெளியிட்டது. கெசட் வந்தது, மைக் வரைக்கும் வரலை.

'மேல்நாட்டுச் சரக்கு' என்ற ஏச்சு நமக்குப் பழசு. அரசியல் சட்ட வரைவில் பழைய இந்து அரசியல் மரபு ஏதுமில்லை, எல்லாம் இரவல் என்று அண்ணலைத் தாக்கினார்கள். 4.11.1948 உரையில் அதற்கு அவர் சொன்ன பதிலில்தான் கிராமம் என்கிற புனிதப் பண்டத்தின் துணியை உருவினார். அதே உரையில்தான் அரசியல் சட்ட ஒழுக்கத்தைப் பழகித்தான் பெறவேண்டும் என்றும் சொன்னார். 377 வழக்கில் நீதிபதிகள் பிடித்த கயிறு இதுதான்.

ஆதரவாகப் பேசும் நண்பர்கள் சிலர் கோயில் சிற்பங்களைக் காட்டி, நம்ம மரபிலேயே இருக்கு பாருங்க என்கிறார்கள். எனக்கு இது ஒப்பவில்லை. தாடிக்கொம்புப் பெருமாள் கோயில் தூணில் ரதியும் மன்மதனும் நிற்கிறார்கள், கல் அழகுதான். ஆனால் 1947இல் கோயில் நுழைவுச் சட்டம் வந்து நாம் பார்க்கக் கிடைத்த கல் அது. கல்லில் இருந்தால் உரிமை, இல்லாவிட்டால் சீக்கு என்றால், நாம் எந்தத் தூணில் இருக்கிறோம்? குறளிலேயே (614, 727) பேடி கை வாள் கையாலாகாத்தனத்துக்கு உவமை. மரபில் வசவும் இருக்கு.

இதையெல்லாம் அவர்களுக்கு மட்டும் சொல்லிவிட்டு நகர முடியாது. கலகக்காரர்கள் என்று நம்மை நாமே சொல்லிக்கொள்கிறோம். நம்ம மேடையிலும் வீரம் என்றால் மீசைதான். ஒரு ஏப்ரல் 14 அன்று காலனி மந்தையில் ஆதிக்க சாதிக்காரன் ஒருத்தனைப் 'பொட்டைப் பய' என்று நானே பேசி விசில் வாங்கினேன். கூட்டம் முடிந்து, பறை காய்ச்சிக்கொண்டிருந்த தம்பி கேட்டான்: "அண்ணே, ஊர்த்தெருவுல என்னையச் சாதிப் பேரச் சொல்லிக் கூப்புடுவாங்க. இங்க நீங்க என்னையத்தான சொன்னீங்க?"

எனக்கு வாய் வரலை. அடுத்த வருசம் பறைக்கு வேற ஆள் வந்திருந்தாங்க.