கெச்சப் புகாத பன்

சிகாகோவில் ஹாட்டாக் கடைக்காரரிடம் கெச்சப் கேட்டால் முகம் சுளிப்பார். சில கடைகளில் அந்தப் புட்டியே கிடையாது. ஊர் வீம்பு என்று சிரிப்பவர்கள் உண்டு. எனக்கென்னவோ, நாக்கை நன்றாக அறிந்த யாரோ போட்ட கணக்காகத்தான் படுகிறது.

கசகசா தூவிய பன்னை ஆவியில் மெத்தென்று ஆக்கி, மாட்டிறைச்சி மட்டுமே சேர்ந்த சாஸேஜை உள்ளே வைக்கிறார்கள். மேலே மஞ்சள் மஸ்டர்ட். அதன்மேல் கண்ணைப் பறிக்கும் பச்சையில் இனிப்பு ரெலிஷ். பிறகு பொடியாக நறுக்கிய வெங்காயம். ஒரு பக்க இடுக்கில் தக்காளித் துண்டுகள், மறுபக்கம் ஊறிய வெள்ளரிக்காயின் நீளக் கீற்று. உச்சியில் வினிகரில் ஊறிய குட்டி மிளகாய் இரண்டு. எல்லாம் முடிந்தபின் செலரி உப்பு. இனிப்பும் தக்காளியும் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் இடத்தில் கெச்சப்புக்கு என்ன வேலை? மஸ்டர்டின் சுரீரென்ற காட்டத்தை மழுங்கடிப்பதைத் தவிர அது எதையும் செய்யாது.

செலரி உப்பைத்தான் நான் அதிகம் மெச்சுவேன். நம் சாம்பாரில் பெருங்காயம் பார்க்கும் வேலையை அங்கே அது பார்க்கிறது. தனியாக அதன் ருசி தெரியாது; போடாவிட்டால் மட்டும் தெரிந்துவிடும். அந்த இலேசான கசப்பு மணம் இல்லையென்றால் காய்கறி ஒரு பக்கம், இறைச்சி ஒரு பக்கம் என்று பிரிந்து நிற்கும்.

இவ்வளவு காய்கறி ஏறியதற்குப் பின்னால் பசி இருக்கிறது. ஆஸ்திரிய-ஹங்கேரியிலிருந்து வந்த எமில் ரைக்கேல், சாமுவேல் லடானி இருவரும் 1893 உலகக் கண்காட்சியில் சாஸேஜ் விற்றார்கள். வியன்னா பீஃப் நிறுவனம் அதிலிருந்து வளர்ந்தது. 1930களின் பெருமந்தக் காலத்தில் ஐந்து சென்டுக்கு ஒரு வேளை வயிறு நிறைய வேண்டியிருந்தது. மேக்ஸ்வெல் தெருப் பக்கத்து வண்டிக்காரர்கள் பன்னுக்குள் ஒரு தோட்டத்தையே ஏற்றிவிட்டார்கள்.

ஆனாலும் எல்லா அலங்காரத்துக்கும் அடியில் சாஸேஜின் தோல் சரியாக இருக்க வேண்டும். நல்ல கடையில் அது ஆட்டுக்குடல் உறை. பல் பட்டதும் படக்கென்று வெடித்து உள்ளிருக்கும் சாறு வாய்க்குள் பாயும். இதற்காக, தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிடாமல் சூட்டிலேயே நிறுத்துகிறார்கள். கொதித்தால் தோல் கிழியும். கொழுப்பும் உப்பும் தண்ணீரோடு போய்விடும். நியூ ஜெர்சியின் கிளிஃப்டனில் 1928 முதல் இருக்கும் ரட்ஸ் ஹட் கடையிலோ எண்ணெயில் பொரித்து வேண்டுமென்றே தோலைக் கிழிக்கிறார்கள். முறுகிய ஓரங்கள் ருசிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் 'படக்' போய்விடுகிறதே!

கெச்சப்புக்கும் ஓர் ஊர் உண்டு. ஐஸ்லாந்தின் ரெய்க்யாவிக் துறைமுகத்தருகே 1937இல் தொடங்கிய பையாரின்ஸ் பெஸ்து கடையில் அது தாராளமாகப் போகிறது. அங்கே சாஸேஜில் செம்மறி இறைச்சிக்குத்தான் முதலிடம். பன்றியும் மாடும் துணைக்கு. கெச்சப், பச்சை வெங்காயம், பொரித்து நொறுங்கும் வெங்காயம் மூன்றும் அடியில். இனிப்பான பழுப்பு மஸ்டர்டும் ரெமுலாட் சாஸும் மேலே. செம்மறியின் கனத்த வாடைக்கு இந்த இனிப்பு பொருந்துகிறது. இதே கெச்சப் சிகாகோவில் தள்ளப்படுவதும் நியாயம்தான். மிச்ச சேர்மானங்கள் வேறல்லவா?

டெட்ராய்ட்டில் கிரேக்கக் குடியேறிகள் பரப்பிய, கறிச் சாந்து ஊற்றிய கோனி எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. சாந்து ருசியாக இருக்கிறது, சாஸேஜ் எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது.

சிகாகோவை ஒட்டிய ரிவர் குரோவில் ஜீன் அண்ட் ஜூட்ஸ் இருக்கிறது. தக்காளி இல்லை, வெள்ளரிக்கீற்று இல்லை, செலரி உப்புகூட இல்லை. உட்கார நாற்காலியும் கிடையாது. மஸ்டர்ட், ரெலிஷ், வெங்காயம், மிளகாய். அதன்மேல் அங்கேயே நறுக்கிப் பொரித்த உருளைக்கிழங்கை ஒரு கை அள்ளிப் போட்டுக் காகிதத்தில் சுற்றித் தருகிறார்கள். செலரி உப்பை இவ்வளவு புகழ்ந்த நான் இங்கே அதைத் தேடவில்லை. அந்த உருளைக்கிழங்கின் உப்பே போதுமாக இருந்தது. கெச்சப் மட்டும் இங்கேயும் கிடைக்காது.