கவிழ்க்கச் சொல்லித் தருகிறார்கள்!

படகு ஓட்டப் பழக வந்தவர்களிடம் “முதலில் அதைக் கவிழுங்கள்” என்று சொல்கிற இடம் ஒன்று சென்னையில் இருக்கிறது. பாயோடும் பாய்மரத்தோடும், மேலே உட்கார்ந்திருக்கிற ஆளோடும் சேர்த்துக் கவிழ்க்க வேண்டும். அந்த இடத்தின் மேல் எனக்கு வந்திருப்பது வெறும் ஆசையா, முழுப் பித்தா என்று எங்கள் வீட்டில் பட்டிமன்றமே நடக்கிறது. என்னைக் கேட்டால் பித்துதான். தீர்ப்பை நானே சொல்லிவிட்டதால் இனி அடக்கமாக எழுத வேண்டிய கட்டாயம் இல்லை.

சென்னைத் துறைமுகத்துக்குள் இருக்கிற ராயல் மெட்ராஸ் யாட் கிளப்பைத்தான் சொல்கிறேன். 1911-இல் இதைத் தொடங்கியவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங், அந்நாளில் மெட்ராஸ் துறைமுகத்தின் தலைவர். இவர் பெயரை வேறொரு கதையில் கேட்டிருப்பீர்கள். 1912-இல் மாதம் 30 ரூபாய் சம்பளத்துக்குக் குமாஸ்தாவாகச் சேர்ந்த சீனிவாச ராமானுஜன் வேலை பார்த்தது இவருடைய ஆபீசில்தான். ராமானுஜனின் கணக்கு நோட்டுகளுக்காகப் பெரிய இடங்களில் பரிந்து பேசியவர்களில் ஸ்பிரிங்கும் ஒருவர். ராமானுஜனை உலகத்துக்கும் பாய்ப்படகை எனக்கும் கொடுத்தவர் இவர்தான் என்று சொன்னால் மிகைதான். ஆனாலும் சொல்வேன்.

என்னை இங்கே இழுத்துவந்தது என் பெண். கோடை விடுமுறை முகாமில் அவளைச் சேர்த்துவிட்டு, கரையில் நிழல் பார்த்து உட்கார்ந்து பத்திரிகை படிப்பதாகத்தான் திட்டம். பிள்ளைகளுக்குக் கொடுக்கிற படகின் பெயர் ஆப்டிமிஸ்ட். 1947-இல் ஃபுளோரிடாவில் கிளார்க் மில்ஸ் என்பவர் வரைந்தது. உலகம் முழுக்க 15 வயது வரையுள்ள பிள்ளைகள் இதில் போட்டி போடுகிறார்கள். நீளம் 2.3 மீட்டர் சொச்சம், எடை 35 கிலோ. முன்பக்கத்தில் கூர்மையே கிடையாது. பார்த்தால் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற தொட்டி மாதிரி இருக்கும். அதில் ஒரு பாயைச் செருகி, பத்து வயசுப் பிள்ளையை உட்காரவைத்துத் தள்ளிவிடுகிறார்கள். தனியாக! பிரேக் கிடையாது, பக்கத்தில் அம்மா கிடையாது. ஒரு கையில் கயிறு, இன்னொரு கையில் சுக்கான். காற்றைப் பார்த்து அதுவே முடிவெடுக்கிறது. ஸ்கூல் பையை எடுத்து வை என்பதை நாலு தடவை சொல்லவைக்கிற என் பெண்ணா இது என்று வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். மறுவாரமே பெரியவர்கள் வகுப்பில் என் பெயரும் இருந்தது.

இனி அந்தக் கவிழ்ப்பு வைபவம். பயிற்சியாளர் தம்பிக்கு என் வயதில் பாதிதான் இருக்கும். “அக்கா, பாய் இருக்கிற பக்கமா சாய்ஞ்சு உக்காருங்க. படகு போயிடும். போனா போகட்டும். நீங்க மட்டும் படகை விட்டுடாதீங்க” என்றார். அவ்வளவுதான் முன்னுரை. படகு சாய்ந்தது, வானம் சாய்ந்தது, வாய் நிறைய உப்பு. தலையைத் தூக்கிப் பார்த்தால் பாய் தண்ணீரில் மல்லாந்து கிடக்கிறது.

அதற்கப்புறம் நடப்பதில்தான் எனக்குப் பைத்தியமே பிடித்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை இருக்கிறது. முதலில், கூட வந்தவர் எங்கே என்று பார்த்துக் குரல் கொடு. கயிறு காலில் சுற்றியிருக்கிறதா பார். பாயை இழுத்துப் பிடித்திருக்கும் மெயின்ஷீட்டைத் தளர்த்து. இல்லாவிட்டால் தண்ணீர்ப் பாரத்தில் பாய் எழும்பாது, எழும்பினாலும் காற்றை வாங்கி மறுபடி விழும். பிறகு படகைத் தொட்டபடியே அடிப்பக்கம் நீந்திப் போ. அங்கே வயிற்றிலிருந்து ஒரு பலகை துருத்திக்கொண்டிருக்கும். சென்டர்போர்டு. அதைப் பிடித்துத் தொங்கு, முடிந்தால் ஏறி நில். நம் உடம்பின் எடைதான் நெம்புகோல். (இத்தனை வருஷம் குறைக்கப் பாடுபட்ட எடைக்கு முதல் முறையாக ஒரு மரியாதை!) பாய் மனசில்லாமல் மேலே வரும், வந்துகொண்டே இருக்கும், திடீரென்று தண்ணீரை உதறிக்கொண்டு படகு நிமிர்ந்து நிற்கும். அப்போது நான் போட்ட கூச்சல் ராயபுரம் வரை கேட்டிருக்கும். “இன்னொரு தடவை பண்ணலாமா தம்பி?” என்று நானே கேட்டேன்.

தண்ணீரில் விழுந்த யாருக்கும் முதலில் தோன்றுவது கரையைப் பார்த்து நீந்துவதுதான். கரையும் எப்போதும் பக்கத்தில் இருப்பது போலவே ஏமாற்றும். பாதி வழியில் மூச்சு வாங்கும், நீரோட்டம் வேறு திசையில் தள்ளும். தேடி வருகிறவர்களுக்கோ அலைகளுக்கு நடுவே ஒரு தலை கண்ணில் படாது. கவிழ்ந்து மிதக்கிற படகு படும். ‘படகை விடாதே’ என்பதைக் கரும்பலகையில் எத்தனை தடவை எழுதிப் போட்டாலும் இது மண்டையில் ஏறாது. கவிழ்ந்து பார்த்தால் உடம்பே மனப்பாடம் செய்துவிடும். பாதுகாப்பு வகுப்பு என்றாலே கொட்டாவி என்று இருந்தவள் நான். இங்கே அதுதான் முதல் கேளிக்கை.

லைஃப் ஜாக்கெட் பற்றி நான் பேச ஆரம்பித்தால் என் கணவர் டிவியைச் சத்தமாக வைத்துவிடுகிறார். நீங்களாவது கேளுங்கள். ஆரஞ்சு நிறத்தில் இருப்பதெல்லாம் ஒன்றல்ல. நினைவு தப்பியவரையும் மல்லாக்கத் திருப்பி, முகத்தைத் தண்ணீருக்கு மேல் வைத்திருக்கிற வகை ஒன்று. நாங்கள் பாய்ப்படகில் போட்டுக்கொள்வது இன்னொரு வகை: குறைந்தது 50 நியூட்டன் மிதப்புத் திறன், கை கால் வீசி வேலை செய்ய வசதி, ஆனால் முகத்தைத் திருப்பிவிடாது. அதனால் நீந்தத் தெரிந்திருக்க வேண்டும், மீட்புப் படகு பக்கத்தில் இருக்க வேண்டும். போட்டுக்கொண்டதும் தோள்பட்டையைப் பிடித்து இன்னொருவர் மேலே தூக்கிப் பார்ப்பார். ஜாக்கெட் காது வரை ஏறிவிட்டால் அது உங்களுடையது இல்லை. சின்னப் பிள்ளைகளுக்குக் காலிடுக்கு வழியாக வரும் வார் இருப்பது நல்லது. இல்லையென்றால் பிள்ளை கீழே, ஜாக்கெட் மேலே. அதை மெத்தையாகப் போட்டு உட்கார்ந்தால் உள்ளே இருக்கும் நுரைப்பஞ்சு நசுங்கிப் பிரயோஜனமற்றுப் போகும்.

இதனால் எனக்கு ஒரு புது வியாதி. எந்தச் சுற்றுலாப் படகுத்துறைக்குப் போனாலும் முன்பின் தெரியாதவர்களின் பக்கிளை மாட்டிவிட்டுக்கொண்டே போகிறேன். “நீங்க இங்க வேலை பாக்கறீங்களாம்மா?” என்று ஒரு பெரியவர் கேட்டார். இல்லீங்க ஐயா என்று சொல்லிக்கொண்டே அவர் பேரனுக்கும் மாட்டிவிட்டேன்.

எடையைப் பற்றிய வகுப்பில் மட்டும் நான் வாயடைத்து உட்கார்ந்திருந்தேன். படகில் யார் எங்கே உட்காருகிறார்கள் என்பதுதான் பாதிப் படகோட்டம். காற்று சாய்க்கிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் உடம்பை வெளியே தொங்கவிட்டுச் சமன் செய்வோம். அந்தப் பாடத்தைப் படிக்கும்போது 2009 செப்டம்பர் 30 நினைவுக்கு வராத தமிழர் இருக்க முடியாது. தேக்கடியில் விலங்குகளைப் பார்க்கும் ஆசையில் பயணிகள் ஒரே பக்கம் திரண்டதும் படகு சாய்ந்தது. 45 பேர் போனார்கள், நம் ஊர்க்காரர்களும் அதில் உண்டு. 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் உல்லாசமாகப் படகேறியவர்களில் 22 பேர் திரும்பவில்லை. படகில் எழுந்து நிற்காதே, எல்லோரும் ஒரு பக்கம் போகாதே, அளவுக்கு மேல் ஏறாதே. ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடக்கூடிய சேதி. இதைச் சொல்லித்தர ஒவ்வொரு ஊர் ஏரியிலும் ஓர் ஆள் வேண்டும் என்று எனக்கு ஆத்திரமாகவே வருகிறது.

மீட்புப் படகில் போவது இன்னொரு குஷி. ரப்பர்ப் படகு, பின்னால் மோட்டார். ஓட்டுகிறவரின் மணிக்கட்டிலோ காலிலோ ஒரு சுருள் கயிறு கட்டியிருக்கும். அவர் தவறி விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொண்டு இன்ஜின் அந்த நொடியே நின்றுவிடும். ஆளில்லாத படகு சுற்றிச் சுற்றி வந்து, விழுந்தவர் மேலேயே விசிறியோடு ஏறிவிடாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. தண்ணீரில் ஆள் விழுந்தால் ஒருவருக்கு ஒரே வேலை: விழுந்தவரை நோக்கிக் கையை நீட்டியபடி, கண்ணை எடுக்காமல் நிற்பது. பேசக் கூடாது, கயிறு எடுக்கப் போகக் கூடாது, மற்றவர்கள் கத்துவதைத் திரும்பிப் பார்க்கக் கூடாது. ஒரு தடவை எனக்கு அந்த வேலை கிடைத்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டிருந்ததில்லை.

காற்றைப் பற்றிச் சொல்லாமல் விட முடியுமா! காற்றுக்கு நேர் எதிரே எந்தப் பாய்ப்படகும் போகாது. இரண்டு பக்கமும் சுமார் 45 டிகிரி தள்ளி, இந்தப் பக்கம் கொஞ்சம் அந்தப் பக்கம் கொஞ்சம் என்று வளைந்து வளைந்துதான் மேலேற வேண்டும். முதல் முறை அப்படி எதிர்க்காற்றில் ஏறிப் போய்க் குறியிட்ட மிதவையைச் சுற்றியபோது வந்த திமிர் இன்னும் இறங்கவில்லை. மே மாத வெயிலைத் திட்டுவதைக்கூட விட்டுவிட்டேன். தரை சூடேறினால்தானே கடற்காற்று உள்ளே வரும்? மேற்குக் காற்று பலமாக இருக்கிற நாளில் அது வர நேரமாகும், ஊர் வேகும், நாங்களும் படகோடு சும்மா மிதப்போம். கிளப்பில் படகுகளைப் பார்த்துக்கொள்கிற அண்ணன் ஒருவர் மீனவக் குப்பத்தில் பிறந்து வளர்ந்தவர். வானிலைச் செயலியில் நாங்கள் விரலால் தேய்த்துக்கொண்டிருக்கும்போது அவர் கிழக்கே ஒரு பார்வை பார்த்துவிட்டு, “மேக்காத்து விட்டுப்போச்சு. பாயைக் கட்டுங்க, வருது” என்பார். வந்துவிடும். 1805-இல் பியூஃபோர்ட் என்ற பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி காற்றை அளக்க வகுத்த அட்டவணையும் எங்கள் பாடத்தில் உண்டு; இப்போது அதைக் கடலின் தோற்றத்தை வைத்தே படிக்கலாம். அங்கங்கே வெள்ளை நுரை தெரிந்தால் 3, நிறையத் தெரிந்தால் 4. அண்ணனின் பார்வைக்கு எண் கிடையாது. மழைக்காலச் செய்தியில் எத்தனையாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு மறந்துபோகிறவளாக இருந்தேன். இப்போது 1 முதல் 11 வரை எது எதற்கு என்று யார் கேட்டாலும் ஒப்பிப்பேன். யாரும் கேட்பதில்லை.

கடலில் சாலை விதி உண்டு என்பது தெரியுமா? பாய்ப்படகுகள் இரண்டு எதிரெதிரே வந்தால், வலப்பக்கத்திலிருந்து காற்று வாங்குகிற படகுக்கு மற்றது வழிவிட வேண்டும். உரிமை உள்ளவர் “ஸ்டார்போர்டு!” என்று கத்துவார். வகுப்பில் குரலே வெளியே வராத ஒரு சின்னப் பெண், ஊரில் பெரிய கம்பெனி நடத்துகிற மனிதரைப் பார்த்து அப்படி ஒரு கத்துக் கத்தினாள். மனிதர் பதறிச் சுக்கானைத் திருப்பினார், கரைக்கு வந்து அவளிடம் கைகொடுத்தார். இது இந்த ஊரில் வேறு எங்கே நடக்கும்? ஆனால் துறைமுகக் கால்வாயில் கப்பல் வரும்போது இந்த உரிமையெல்லாம் செல்லாது. ஆழமான பாதையை விட்டு விலக முடியாத கப்பலுக்குச் சின்னப் படகுதான் ஒதுங்க வேண்டும். 1972-ஆம் ஆண்டின் சர்வதேசக் கடல் விதியே அப்படித்தான் சொல்கிறது. கப்பல் அடுத்தடுத்து ஐந்து முறை குட்டையாக ஊதினால், ‘நீ என்ன செய்யப்போகிறாய் என்று எனக்குப் புரியவில்லை’ என்று அர்த்தம். எங்கள் வீட்டில் இப்போது நான் ஐந்து முறை விசில் அடித்தால் என் பெண் ஓடிவந்து விளக்கம் சொல்கிறாள்.

ரேடியோ வகுப்பில் 16-ஆம் சேனலில் ‘மேடே’ எப்படிச் சொல்வது என்று, கருவியை அணைத்துவைத்துவிட்டு ஒத்திகை பார்த்தோம். மேடே மூன்று முறை, படகின் பெயர், எங்கே இருக்கிறோம், என்ன ஆபத்து, எத்தனை பேர். அழாமல், வரிசை மாறாமல். கைபேசியில் கடலோரக் காவல்படையின் 1554 என்ற எண்ணைப் பதிந்துவைத்துக்கொள்ளச் சொன்னார்கள். நீங்களும் பதிந்துகொள்ளுங்கள். கடலோரம் வசிக்கிற எல்லோருக்கும் அது பொது. முடிச்சுகளைப் பற்றிச் சொன்னால் பத்திரிகை தாங்காது. எங்கள் மாடியில் துணி காயும் கொடி எந்தப் புயலுக்கும் அவிழாது என்பது மட்டும் உறுதி.

பணக்காரர்கள் பொழுதுபோக்கு என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. கட்டணம் மலிவில்லை, உண்மை. ஆனால் கோடை முகாமில் பாய் பிடிக்கத் தொடங்கிய நேத்ரா குமணன், 2021-இல் ஓமானில் நடந்த போட்டியில், ஒலிம்பிக் பாய்ப்படகுப் போட்டிக்குத் தகுதிபெற்ற முதல் இந்தியப் பெண் ஆனார். டோக்கியோவுக்குப் போன நான்கு இந்தியப் பாய்ப்படகு வீரர்களில் அவர், வருண் தக்கர், கே.சி. கணபதி என மூவர் சென்னைக்காரர்கள். கிரிக்கெட் பேசுகிற நேரத்தில் கொஞ்சம் இதையும் பேசுங்களேன் சாமி!

என் பெண்ணுக்கு ஒலிம்பிக் கனவெல்லாம் இருக்கிறதோ என்னவோ, எனக்கு ஞாயிற்றுக்கிழமை கிளப் பந்தயத்தில் அவளை முந்த வேண்டும். இதுவரை நடக்கவில்லை. வருகிறவர்கள் மாற்றுத் துணியும், நனைந்தாலும் கழலாத ஷூவும், முழுக்கைச் சட்டையும் எடுத்துவாருங்கள். மூக்குக்கண்ணாடிக்குக் கயிறு கட்டிக்கொள்ளுங்கள். தண்ணீர் பாட்டில் பெரியதாக இருக்கட்டும். துறைமுக வாசலில் அடையாள அட்டை கேட்பார்கள், அதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.